மொச்சைக்கு ஒத்துக்கற மணல்

மணல்ல இத்தனை வகை இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா. ஆத்து மணல், ஓடை மணல், ஊடு கட்டற மணல், அவ்வளவுதான் தெரியும். இங்க பாத்தா ஒரு செவுரு முழுக்க அடுக்கி வெச்சிருக்கறாங்க, ரோஸ் பையி, ஊதாப் பையி, வெள்ளைப் பையி, ஒவ்வொரு பையிலயும் ஒரு வெள்ளைக்காரப் பூனை சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. பூனை எங்கயாச்சும் சிரிக்குமா. என்ற மொச்சை ஒரு நாளும் சிரிச்சதில்ல, அவ பாக்கற பார்வையே கடன்காரனைப் பாக்கற மாதிரித்தான். தரணி கடை வாசல்ல என்னை இறக்கி உட்டுட்டு, நீயே பொறுமையாப் பாத்து அதுக்கு ஒத்துக்கற மணலா எடும்மா, நான் வண்டிக்குக் காத்தடிச்சுட்டு வந்து கூட்டிக்கறேன்னு சொல்லிட்டுப் போனான். என்ற பையன். இன்னிக்குக் கோவமே படல. போன வாரந்தான் கோவத்துல ஆடிப் போட்டான், இன்னொரு தடவை உன்ற பூனை மெத்தையில மூத்திரம் பேஞ்சு வெச்சுதுன்னா சாக்குல கட்டி உக்கடம் மீன் மார்க்கெட்டுல கொண்டு போய் உட்டுருவேன், அப்பறம் என்னைக் குத்தம் சொல்லாதன்னான். இன்னிக்குக் காலைல அந்த இன்னொரு தடவையும் ஆயிப் போச்சு. விரிப்பை எடுத்துட்டுப் போறப்ப நேருக்கு நேரா வந்துட்டான். கத்தப் போறான்னு நின்னேன். கத்தல. சரி, மணலை மாத்திப் பாப்பம், ஞாயித்துக்கிழமைதான, சாயந்தரம் போலாம்னான். கடைசியா ஒரு வழி காட்டியிருக்கறான். அதனால நான் சரியாப் பாத்து எடுக்கோணும். தப்பா எடுத்தேன்னா மொச்சை போயிருவா.

கடைக்குள்ள ஏசி கூதலா இருக்குது. கூதல் பட்டா அடிவயிறு உடனே சொல்லிப்போடுது. உள்ள வந்ததும் கண்ணு முதல்ல தேடினது மணலை இல்ல, பாத்ரூம் எங்கன்னுதான். மீன் தொட்டிக்குப் பொறகால ஒரு கதவு இருக்குது, பணியாளர்களுக்கு மட்டும்னு எழுதி ஒட்டியிருக்குது. கேட்டா உடுவாங்க. கேக்கறதுக்கு வாய் வரோணுமே. பரவால்ல, மத்தியானத்துல இருந்து ஒரு மொடக்குத் தண்ணி குடிக்கல. இப்பெல்லாம் மதியம் சோத்தோட சரி, அப்பறம் தண்ணி இருக்கற பக்கமே போறதில்ல, சாயந்தரக் காப்பியையும் உட்டாச்சு. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. உதடு வெடிச்சுப் போச்சு, சிந்துஜா ஒரு களிம்பு வாங்கியாந்து குடுத்து, ஏனுங்க அத்தை, கோயமுத்தூர் வெயில் உங்களுக்குச் சேரலீங்களான்னா. மருமக நல்ல புள்ளை. அதுதான் ரோதனை. கெட்டவளா இருந்தா நாலு வார்த்தை பேசிட்டு, பொள்ளாச்சிக்கு வண்டி ஏறிடலாம், ஏறி எங்க போறது, ஊடுதான் வாடகைக்குப் போயிருச்சே, அந்த ஊட்டுல இப்ப ஒரு பேங்க்காரன் குடும்பம் குடியிருக்குது, என்ற படுக்கையறையில அவங்க புள்ளை படிக்குதாம்.

"பூனைக்குங்களாம்மா?" நீலச் சட்டை போட்ட கடைக்காரப் பொண்ணு வந்து நிக்கறா, முப்பது வயசிருக்கும், நெஞ்சுல ரெஹானான்னு பேரு எழுதின பட்டை குத்தியிருக்கறா. சின்னச் சின்னக் கிண்ணத்துல ஒவ்வொரு மணலையும் போட்டு வெச்சிருக்கறா, பக்கத்துல ஒரு தண்ணிப் பாட்டல். "இது களிமண்ணுங்கம்மா. ஈரம் பட்டதும் கட்டி புடிச்சுக்கும், கட்டியை மட்டும் அள்ளிப் போட்டுரலாம். இது பைன் மரத்தூளு, குச்சியாட்டம் இருக்கும். இது சோயாவுல பண்ணதுங்க, தூசியே வராது." ஒவ்வொண்ணுலயும் மூடியில தண்ணி எடுத்து ஊத்திக் காட்டறா. களிமண்ணு நாம பாத்துட்டு இருக்கறப்பவே உறைஞ்சு கட்டியாகுது, பால் திரியற மாதிரி. மரத்தூளு ஊறி ஊறிப் பொங்கல் மாதிரி குழையுது. ஊத்தறா, உறியுது, ஊத்தறா, உறியுது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. தண்ணி விழுகற சத்தம் கேட்டாக் காலு ரெண்டும் தானா ஒட்டிக்குது. கடைசிக் கிண்ணத்துல கண்ணாடிக் கல்லு மாதிரி வெள்ளையா கிடக்குது. "இது கிரிஸ்டலுங்கம்மா. இதுதான் இருக்கறதுலயே நல்லது. எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுக்கும். வாடை வராது. மேல தொட்டீங்கன்னா ஈரமே தெரியாது, தொட்டுப் பாருங்க." தொட்டுப் பாக்கறேன். அட, ஆமா. இப்பத்தான் கண்ணு முன்னால ஊத்தினா, விரல் வறண்டு போய் வருது. மேல தொட்டா ஈரமே தெரியாது.

"இப்ப என்ன மணலுங்கம்மா போடறீங்க?" அந்த மஞ்சப் பையின்னு கீழ் அடுக்கைக் காட்டறேன். "அது ஒத்துக்கலையா? வெளிய போகுதா?" உம்னேன். சொல்லி முடிச்ச பொறகுதான் கேட்டுது, மறுபடியும் உம். அட கெரகமே, இந்த வாயிக்கு அந்த ஒரு எழுத்தைத் தவிர வேற ஒண்ணும் வராதா. "எங்கெங்க போகுது, சோபா, துணி, எல்லா இடத்துலயுமா?" இல்லம்மிணி, என்ற கட்டில்ல மட்டுந்தான்னேன். "உங்க கட்டில்ல மட்டுமா," சிரிக்கறா, "உங்க மேல ரொம்பப் பாசமுங்க அதுக்கு. வாடை எப்படி? ரொம்பக் கடுமையா, மூக்கைக் குத்துமே?" இல்லைன்னு சொல்லிட்டேன். யோசிக்காமச் சொல்லிட்டேன். அப்படிக் குத்தாது, லேசாத்தான் இருக்கும்னேன். அவ சிரிப்பு சித்த நின்னு போச்சு. "பூனை மூத்திரம் குத்தாம இருக்குமாம்மா," தனக்குத் தானே சொல்லிக்கற மாதிரி சொல்லிட்டு, கிண்ணத்தை ஒழுங்கு பண்றா. நல்ல வேளை, யாரோ கிளித் தீவனம் கேட்டாங்க, போயிட்டா. போகட்டும். என்ற மூஞ்சி சூடாக் கிடக்குது இந்தக் கூதல்லயும்.

முதல் உம் மாசி மாசம். இதை நான் எத்தனை தடவைதான் திருப்பித் திருப்பி நினைக்கறது, நினைக்க வேண்டாம்னு தள்ளினாலும் செக்குமாடாட்டம் அங்கயே வந்து நிக்குது. விடியறப்ப முழிப்புத் தட்டுச்சு, முதுகுக்குக் கீழ வெதுவெதுன்னு இருந்துது, நல்லா இருந்துதுன்னு கூடச் சொல்லலாம், ஒரு நொடி. அப்பறம் ஆறிப் போய்ச் சில்லுன்னு ஆச்சு. அப்பவும் நம்பல. மொச்சை கால்மாட்டுல சுருண்டு படுத்திருந்தா, அவ பக்கம் வறண்டுதான் இருந்துது. எந்திரிச்சு, விரிப்பை உருவி, பாத்ரூம்ல சத்தம் வராம அலசி, பால்கனியில போட்டுட்டுத் திரும்பறேன், சிந்துஜா பல்லு விளக்கிக்கிட்டு நிக்கறா. விரிப்பைப் பாத்தா, என்னைப் பாத்தா, என்ற கால்ல உரசிக்கிட்டு நின்ன மொச்சையைப் பாத்தா. பூனைங்களா அத்தைன்னு கேட்டா. நான் உம்னேன். அவ்வளவுதான். பொய்யின்னு சொல்ல அதுல ஒரு சொல்லு கூட இல்ல. அவ பூனைன்னா, நான் உம்னேன். என்ற சேலையும் பின்னால நனைஞ்சிருந்துது, அதனால செவுத்துல சாஞ்சுக்கிட்டே உம்னேன். மெத்தையை நனைச்சது நானு. மொச்சை இல்ல, ஒரு நாளும் இல்ல, நாந்தான். மாசியில ஒரு தடவை, பங்குனியில ரெண்டோ மூணோ, அதுக்கப்பறம் கணக்கு இல்ல. இருமினா, தும்மினாக் கூட இப்பக் கொஞ்சம் ஆகுது, ஆனா அதைச் சேலை வாங்கிக்கும். ராத்திரிதான் மானத்தை வாங்குது. தூக்கத்துல ஒண்ணும் தெரியறதில்ல. கனவுல நான் எப்பவும் சரியான இடத்துலதான் போறேன், கதவைச் சாத்தித் தாழ் போட்டுட்டுத்தான் போறேன்.

சிந்துஜாவுக்கு ஒரு பெரியம்மா இருந்தாங்க, ஈரோட்டுல, மக ஊட்டுல. போன தீபாவளிக்கு சோத்துக்கு உக்காந்தப்ப அந்தப் பேச்சு வந்துது. கண்ட்ரோல் போயிருச்சுங்க அத்தை, அதுக்கு மேல அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, நல்ல ஹோமாப் பாத்துச் சேத்துட்டாங்கன்னு சொல்லிட்டு எனக்கு ரசம் ஊத்தினா. கண்ட்ரோல் போயிருச்சு. ஏதோ வண்டியைச் சொல்ற மாதிரி சொன்னா. தரணி தலையை ஆட்டிட்டு, பாவம், ஆனா அதுதான் அவங்களுக்கும் நல்லதுன்னான். ரெண்டு பேரும் என்னை மனசுல வெச்சுச் சொல்லல, அது எனக்கே தெரியும், அப்ப எனக்கு இது வரவே இல்லையே. ஆனா சொன்னது சொன்னதுதான். முப்பது வருசம் பால் சொசைட்டியில நின்னவ, கேன் கேனா மோந்து பாத்துப் புளிச்சதைத் தள்ளி வெச்சவ, இப்பத் தினமும் எந்திரிச்சதும் என்னையே மோந்து பாத்துக்கறேன். மருந்துக் கடையில அதுக்குன்னு ஜட்டி விக்குதுன்னு தெரியும். எங்க அப்பார்ட்மெண்ட்டுக்குக் கீழயே கடை. அந்தக் கடைக்காரரும் தரணியும் ஞாயித்துக்கிழமை ஒட்டுக்கா ஷட்டில் ஆடறவங்க. வேற கடைக்குப் போகலாம்னா ரோட்டைத் தாண்டோணும், தனியா எங்க போறீங்க, என்ன வேணும், போன்ல போட்டாப் பத்து நிமிசத்துல வந்துருமேம்பாங்க. நல்லவங்க ஊட்டுல ஒண்ணை ஒளிக்கறது எவ்வளவு கஷ்டம்.

மொச்சையைச் சொல்லோணும். கார் நிறுத்தற இடத்துல வண்டிக்கடியில கிடந்தா, உள்ளங்கை அகலந்தான் இருந்தா, மொச்சைக் கொட்டை நிறம். நான் வந்த புதுசு. இந்த ஊட்டுல எனக்கும் ஒரு வேலை வேணும்னு தூக்கியாந்தேன்னு வெச்சுக்கங்களேன். மணல் தட்டைக் காட்டினேன், ஒரு தடவைதான் காட்டினேன், அதோட சரி. அன்னில இருந்து ஒரு நாளு தப்பினதில்ல. போறதுக்கு முன்னால குழி பறிப்பா, போயிட்டு மூடுவா, மோந்து பாப்பா, திருப்தி இல்லைன்னா இன்னொரு கை அள்ளிப் போடுவா. அந்த வேலை முடியற வரைக்கும் யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டா. அவ மணலைப் பறண்டற சத்தம் விடியறப்பக் கேக்கும், நான் ஈரத்துல படுத்துக்கிட்டு அதைக் கேப்பேன். அவளைப் பாத்து எனக்குப் பொறாமையா இருந்திருக்குது, சொன்னாச் சிரிப்பாங்க. சிந்துஜா அவளை இப்ப அவங்க அறைக்குள்ள உடறதில்ல. தரணி ஒரு நாளு அவ கழுத்தைப் புடிச்சு மூக்கை மெத்தையில வெச்சுத் தேச்சான். அப்படித் தேச்சாத்தான் புத்தி வருமாம், யாரோ ஆபீஸ்ல சொன்னாங்களாம். நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என்ற மூத்திரத்துல அவ மூக்கு. அவ கத்தக்கூட இல்ல, கண்ணை மூடிக்கிட்டா. நான் வாயைத் தொறந்திருக்கோணும். கொழம்பு தாளிக்கப் போயிட்டேன்.

சாக்குல கட்டறதும் நான் சொல்லிக் குடுத்ததுதான். தரணி சின்னவனா இருக்கறப்ப பால் சொசைட்டிக்கு ஒரு திருட்டுப் பூனை வரும். எல்லாருமாச் சேந்து புடிச்சுச் சாக்குல போட்டு, வாய்க்கால் தாண்டிக் கொண்டு போய், சாக்கைத் தலைக்கு மேல மூணு சுத்து சுத்தி, அவுத்து உட்டோம். ஏம்மா சுத்தறீங்கன்னு கேட்டான். சுத்தினாத்தான் அதுக்குத் திக்குத் தெரியாது சாமி, தண்ணி தாண்டினா வாடையும் புடிபடாது, ஊட்டுக்கு வராதுன்னேன். அதை மறக்காம வெச்சிருக்கறான். உக்கடத்துல பெரிய குளம் இருக்குதுல்ல, அதைத் தாண்டித்தான் போகோணும்னு போன வாரம் அவனே சொன்னான்.

சரி, நேரம் ஆகுது, மணலைப் பாரு மயிலாத்தான்னு என்னையே அதட்டிக்கறேன். எந்த மணல் எடுத்தாலும் மொச்சை ஒழுங்காத்தான் போவா, எந்த மணல் எடுத்தாலும் மெத்தை நனையத்தான் போகுது. மணலை மாத்தியும் நனைஞ்சுதுன்னா அதுக்கப்பறம் பேச்சே இல்ல, சாக்குதான். நனையக் கூடாது. அதுதான் வேணும். அப்ப ஒத்துக்கற மணல் மொச்சைக்கு இல்ல. இந்த வெள்ளைக் கல்லை ஒரு தலகாணி உறையில பரப்பிக் கொட்டி, வாயைத் தெச்சு, மேல பழைய சேலையை நாலா மடிச்சுப் போட்டு, அதும் மேல படுத்தா? எவ்வளவு ஊத்தினாலும் குடிச்சுக்கும்னாளே. மேல தொட்டா ஈரமே தெரியாதுன்னாளே. பூனை மணலு மேல படுத்துத் தூங்கறதா, படுத்தா என்ன, ஹோம்ல ரப்பர் சீட்டு மேல படுக்கறதுக்கு இது தேவல. மொரமொரன்னு சத்தம் கேக்குமா? கிண்ணத்தை எடுத்துக் குலுக்கிப் பாக்கறேன். கேக்குது. திரும்பிப் படுக்காம இருந்தாச் சரி. அசையாமப் படுத்துக்கலாம். மொச்சையும் இருப்பா, நானும் இருப்பேன், சிந்துஜா பாத்தீங்களா அத்தை மணலை மாத்தினதும் நின்னுருச்சும்பா. உம்பேன். இந்தக் கடைசி உம்முல யாருக்கும் நட்டமில்ல. பையைத் தூக்கிக் கூடையில வெச்சுட்டேன், கனமே இல்ல, அவலு மூட்டையாட்டம் இருக்குது. இத்தனை மாசத்துல முதல் தடவையா நெஞ்சு சித்த இறங்கி மூச்சு வருது.

போன் அடிக்குது. தரணி. "எடுத்துட்டியாம்மா?" எடுத்துட்டேன் சாமி, நல்ல மணலா கிடைச்சுதுங்கறேன். "அவசரமில்ல, நான் வர அரை மணி ஆகும். ஒரே டிராபிக்கு. அங்க சேர் கேட்டு உக்காந்துக்க." சரிங்கறேன். வெக்கப் போறான். அதுக்குள்ள கேட்டுது. அவன் பேச்சுக்குப் பொறகால, அடித்தொண்டையில இருந்து இழுத்துக் கத்தற கத்தலு, துணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி. கண்ணைக் கட்டிட்டுக் கேட்டாலும் எனக்கு அந்தக் குரலு தெரியும். தரணி, அங்க என்ன சத்தம்ங்கறேன். ஆரன் சத்தம், பஸ்ஸு சத்தம், மறுபடி அந்தக் கத்தலு. "அம்மா, ஊட்டுல வெச்சுச் சொன்னா நீ உட மாட்ட. அதனாலதான் உன்னைக் கடையில உட்டுட்டு, ஊட்டுக்குப் போய் அதை எடுத்துட்டு வந்தேன். மீன் கிடைக்கற இடம், அதுக்கும் நல்லதுதான்." நான் கூடையைக் கீழ வெக்கறேன். வண்டியை நிறுத்துங்கறேன். "அம்மா." நிறுத்து தரணி, பூனை இல்ல அது, நானு. "என்ன நீ?" மெத்தையில போனது நானு. மாசியில இருந்து நாந்தான் போறேன், ராத்திரி எனக்கே தெரியாமப் போயிருது, மொச்சை ஒரு நாளும் போகல. சத்தமாத்தான் சொல்லியிருப்பேன் போல, கிளித் தீவனம் வாங்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க. பாக்கட்டும். சொல்லிப்போட்டேன், வந்துருச்சு வெளிய, இனி இவனாச்சு, அந்த ஹோமாச்சு. அவன் பெருமூச்சு உடறது கேக்குது. "பூனைக்கோசரம் இப்படியெல்லாம் பேசாதம்மா. கேக்கவே ஒரு மாதிரி இருக்குது. உனக்கு அதும் மேல அவ்வளவு பாசமா, உன்னையே இப்படிச் சொல்லிக்கற? பூனைதான்னு சிந்துகிட்ட நீயேதான சொன்ன." நான் உம்னு மட்டுந்தான் சொன்னேன் சாமி. "சரி சரி, அழுவாத. வேணும்னா லவ் பேர்ட்ஸ் வாங்கிக்கலாம், அங்கயே பாத்து வை. பாலத்து மேல ஏறிட்டேன், வெக்கறேன்." வெச்சுட்டான். மறுபடி போடறேன். அடிச்சு அடிச்சு நிக்குது. மறுபடி போடறேன். எடுக்கல.

நம்பல. இத்தனை மாசமா ஒரு பொய்யைக் கேட்ட உடனே நம்பினவன், உண்மையைச் சொன்னா நம்பல. இப்பக் குளத்தைத் தாண்டியிருப்பான். சாக்கை எடுத்து மூணு சுத்து சுத்துவான், சொல்லிக் குடுத்த மாதிரியே, ஒண்ணு கொறையாம. கூடைக்குள்ள அந்த வெள்ளைக் கல்லுப் பையி கிடக்குது. இதும் மேல இன்னிக்கு ராத்திரி படுத்தேன்னா நாளைக்கு மெத்தை வறண்டு கிடக்கும். பாத்தியாம்மா, பூனை போனதும் நின்னுருச்சும்பான். சிந்துஜாவும் ஆமான்னுவா. அதோட முடிஞ்சுது, மெத்தையில போனது மொச்சைதான்னு ஊரு உலகத்துக்கே முடிவாயிரும், அவளைத் தேடறதுக்கு ஒரு ஆளு இருக்காது. மெத்தை நனையோணும். பூனை இல்லாத ஊட்டுல மெத்தை நனையோணும். விரிப்பை உருவ மாட்டேன், அலச மாட்டேன், செவுத்துல சாய மாட்டேன். வந்து பாக்கட்டும், மோந்து பாக்கட்டும். அப்பறம் ஹோமோ என்னமோ, முதல்ல போய் அவளைத் தேடிக் கூட்டிட்டு வரட்டும். மீன் கழிவு கிடக்கற இடம், ஒரு ராத்திரி பட்டினி கிடக்க மாட்டா. நாயிங்க இருக்குமே. சந்துல எங்கயாச்சும் ஒண்டிக்குவா. ஒரு ராத்திரி தாங்கிக்க கண்ணு.

ரெஹானா பக்கத்துல வந்து நிக்கறா. எல்லாமே கேட்டிருக்கறா, என்ற மூஞ்சியைப் பாக்காம மீன் தொட்டியைப் பாத்துக்கிட்டுக் கேக்கறா, "கிரிஸ்டலே போட்டுரட்டுங்களாம்மா?" வேண்டாம், அந்த மஞ்சப் பையைக் குடு. "அது ஒத்துக்கலைன்னீங்களே." ஒத்துக்குச்சு அம்மிணி, அவளுக்கு எப்பவும் அதுதான் ஒத்துக்குச்சு. குனிஞ்சு மஞ்சப் பையை எடுக்கறா. அப்பறம் பொறகால இருந்த அந்தக் கதவைக் காட்டி, பாத்ரூம் போறீங்களாம்மான்னு மெல்லமாக் கேக்கறா. இல்லம்மிணி, குடிக்கத் தண்ணி இருக்குதா? அவ பாட்டலைக் கொண்டாந்து குடுக்கறா. அண்ணாந்து, மூச்சு உடாமக் குடிக்கறேன், கழுத்தெல்லாம் வழியுது, வெடிச்ச உதடு எரியுது. பாட்டல் காலியாயிருச்சு. இன்னொண்ணு இருக்குதான்னு கேக்கறேன்.